லிங்கப்பன் மச்சானும் காங்கேயத்துச் செக்கும்

என் மச்சான் லிங்கப்பனிடம் மணி என்ன என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அந்தக் கடிகாரத்தை வாங்கிய கடை, கடைக்காரரின் சொந்த ஊர், அவர் கேட்ட விலை, இவர் அதைக் குறைத்த விதம் எல்லாம் வந்த பிறகுதான் மணி வரும். அதற்குள் நமக்குப் பஸ் போயிருக்கும்.

மைசூர் மண்டி மொஹல்லாவில் அவருக்குத் தேங்காய்க் கடை. மட்டையோடு தேங்காய், மட்டை உரித்த தேங்காய், கல்யாண வீடுகளுக்குத் தாம்பூலத் தேங்காய், இவ்வளவுதான் வியாபாரம். கடை இருக்கும் சந்தில் ஒரு ஆட்டோ நுழைந்தால் எதிரே வரும் ஸ்கூட்டர் பின்வாங்க வேண்டும். யார் பின்வாங்குவது என்பதில் தினமும் தகராறு நடக்கும். மச்சான் தேங்காயை உரித்துக்கொண்டே பஞ்சாயத்து செய்வார். முடிந்ததும் இரண்டு தரப்பையும் நிறுத்திவைத்து, தான் இதைவிடப் பெரிய தகராறுகளைத் தீர்த்துவைத்த கதையைச் சொல்லுவார். அதைக் கேட்பதற்குப் பயந்தே சில பேர் பின்வாங்கிப் போய்விடுவார்கள்.

அவர் என் மனைவி சொர்ணலதாவுக்கு அண்ணன். ஆனால் உடன்பிறந்தவர் இல்லை. பெரியப்பா மகனோ சித்தப்பா மகனோ சின்னம்மா மகனோ இல்லை. ஹனூர் பக்கத்தில் இவள் ஊருக்கும் அவர் ஊருக்கும் நடுவே ஒரு மலையே இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே கூட்டம், அதாவது ஒரே குலம், அவ்வளவுதான். கொள்ளேகால், ஹனூர் பக்கத்துத் தமிழ்க் குடியானவர்களுக்குள் ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் அண்ணன் தம்பி, அக்கா தங்கை. கல்யாணம் கட்டிக்கொள்ள முடியாது. மற்றக் கூட்டத்துக்காரர்கள் எல்லோரும் மாமன் மச்சான். புதிதாக ஒருவரைப் பார்த்தால் நாங்கள் முதலில் கேட்பது கூட்டத்தைத்தான். அதற்குப் பிறகு அவரை எப்படிக் கூப்பிடுவது என்ற குழப்பமே கிடையாது. வெளியாட்களுக்கு இது விளங்காது. விளங்கவைக்க முயன்றால் நமக்கே பாதி வழியில் சந்தேகம் வந்துவிடும்.

அவர் எங்கள் குடும்பத்துக்குள் வந்தது எங்கள் கல்யாணத்தன்று. மைசூரில் ஒரு சின்னச் சத்திரத்தில் கல்யாணம். சொர்ணலதாவுக்கு அப்பா அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். வளர்த்த பெரியம்மா ஒருத்திதான் பெண் வீட்டுப் பக்கம். பெண்ணின் உடன்பிறந்தவன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துவர வேண்டும் என்பது எங்கள் சீர். அந்த நேரம் வந்ததும் ஆள் இல்லை. ஒத்துக்கொண்டிருந்த தூரத்து உறவுப் பையன் பஸ்ஸைத் தவறவிட்டானோ என்னவோ, வரவில்லை. எங்கள் சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் ஒரு ஆண்பிள்ளைகூட இல்லையா என்று ஆரம்பித்துவிட்டார்கள். மெதுவாகக்கூடப் பேசவில்லை. சொர்ணலதா குனிந்த தலை நிமிரவில்லை. எனக்கு வந்த கோபத்தில் மாலையைக் கழற்றிவிட்டு நாலு பேரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கலாம் என்றிருந்தது. மாப்பிள்ளையாக இருப்பதில் உள்ள கஷ்டம், அன்றைக்கு மட்டும் நமக்குப் பேச உரிமை இல்லை.

அப்போதுதான் சமையல்கட்டுப் பக்கமிருந்து தோளில் தேங்காய் மூட்டையோடு ஒரு ஆள் வந்தார். குள்ளமான, கறுத்த, வேர்த்துப்போன ஆள். மூட்டையை இறக்கினார். பெண் என்ன கூட்டம் என்று பக்கத்தில் கேட்டார். தெரிந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து, நானும் அதே கூட்டந்தானுங்க, நான் இருக்கறனுங்க என்றார். என் கையைப் பிடித்தார். தேங்காய் நார் குத்தியது.

சீர் முடிந்ததும் என் அம்மா நாச்சம்மாள் அவரைக் கூப்பிட்டு, தம்பி என்ன பண்ணுது என்று விசாரித்தார். காங்கேயத்தில் எண்ணெய்ச் செக்கு ஓடுகிறது, மைசூரில் தேங்காய் கொள்முதல் என்று அவர் சொன்னார். பிறகு ஏன் மூட்டையைத் தூக்கி வந்தீர்கள் என்று யாரோ கேட்டதற்கு, லோடுமேன் லீவு என்று பதில் வந்தது. கேட்ட வாய்கள் எல்லாம் மூடிக்கொண்டன. செக்கு வைத்திருக்கிற அண்ணன் என்றால் சும்மாவா? அன்று பந்தியில் அவருக்குத்தான் முதல் இலை.

அன்றிலிருந்து அவர் விடவேயில்லை. பொங்கலுக்குச் சீர், ஆடிக்குச் சீர், பிரசவத்துக்குச் சீர். என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அவர் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்தினோம். சின்னவன் வலியில் அவர் கட்டைவிரலைக் கடித்துவிட்டான். விடுடா கண்ணு, கடிச்சுக்க என்று அவர் கையை எடுக்காமல் இருந்தார். பிறகு மாதேவியைக் கட்டிக்கொண்டார், மண்டியில் சொந்தக் கடை போட்டார். வாயும் வளர்ந்தது. செக்கும் கூடவே வளர்ந்தது. ஒன்று இரண்டானது. கொப்பரை கேரளாவுக்குப் போனது. எண்ணெய் லாரி ஒன்று சேர்ந்துகொண்டது. எங்கள் வீட்டு விசேஷங்களில் என் பெரியப்பாக்கள், சித்தப்பாக்கள் உட்கார்ந்திருக்கும் இடமாகப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு செக்கைப் பற்றி ஆரம்பிப்பார்.

ஒரு தடவை காங்கேயம் போய்ப் பார்த்துவரலாமா மச்சான் என்று கேட்டேன். மிஷின் சர்வீஸுக்குக் கொடுத்திருக்கிறது என்றார். அடுத்த முறை கேட்டபோது ரோடு தோண்டிப் போட்டிருந்தார்கள். அதற்கடுத்த முறை ஊர்த் திருவிழாவுக்கு நோம்பி சாட்டியிருந்தார்கள். நான் நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வு செய்கிறவன். வருகிற சரக்கில் பழுதைக் கழிப்பதுதான் என் வேலை. மச்சான் சொல்வதிலும் பாதியைக் கழித்துவிட்டு, மீதிப் பாதி நிஜமாக இருக்கும் என்று வைத்திருந்தேன். ஏதோ பங்காகவாவது ஒரு செக்கு இருக்கும், இல்லாமலா ஒரு மனுஷன் இவ்வளவு விவரமாகச் சொல்லுவான்?

அந்தச் செக்குதான் வினையாக வந்து நின்றது.

இப்போது தேங்காய் வாங்குகிற எல்லோரும் போனைக் காட்டித்தான் பணம் அனுப்புகிறார்கள். கல்யாண ஆர்டர்காரர்களும் அப்படித்தான். கணக்கில் வரவு பெருகியதால் வரி அலுவலகத்திலிருந்து விசாரிக்க ஒருவர் கடைக்கு வந்தார். நல்ல மாதிரியான ஆள், என்ன விற்கிறீர்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறார். தேங்காய் என்று சொல்லி நிறுத்தியிருந்தால் பச்சைத் தேங்காய்க்கு வரி இல்லை என்று எழுதிக்கொண்டு போயிருப்பார். என் சின்ன சித்தப்பா அந்த நேரம் பார்த்து வீட்டு விசேஷத்துக்குத் தேங்காய் எண்ணிக்கொண்டு அங்கே நின்றிருந்தார். அவர் வந்து சொன்னதுதான் இது. மச்சான் தேங்காயில் ஆரம்பித்து, காங்கேயத்துச் செக்குக்குப் போய், கொப்பரைக்கும் எண்ணெய்க்கும் போய், லாரியில் ஏறிக் கேரளாவரை போய்விட்டாராம். வந்தவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாராம்.

கொப்பரைக்கு வரி உண்டு. எண்ணெய்க்கும் உண்டு. பதிவு செய்யாமல் இவ்வளவு வியாபாரம் ஏன் என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நேரில் வர வேண்டும், அல்லது அதிகாரம் கொடுத்து ஒருவரை அனுப்ப வேண்டும் என்று அதில் இருந்தது.

மச்சான் நேரில் போகக் கூடாது என்பதில் வீட்டில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை. சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அதிகாரி மாதிரி உட்கார்ந்து கேள்வி கேட்டேன். பெயர் என்ன என்றேன். பெயரைச் சொல்லிவிட்டு அந்தப் பெயரை வைத்த கோயிலைச் சொன்னார். கோயிலுக்குப் போகும் வழியைச் சொன்னார். வழியில் இருக்கும் ஒரு தென்னந்தோப்புக்கு வந்து சேர்ந்ததும் அதை ஒரு காலத்தில் தாம் விலைக்குக் கேட்டதாகச் சொன்னார். நான் எழுந்துவிட்டேன். இந்த ஆளை அந்த அறைக்குள் விட்டால் இல்லாத தோப்புக்கும் சேர்த்துக் கட்டிவிட்டு வருவார்.

வரி விஷயம் பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் அழைத்துப்போனேன். மச்சானுக்குப் பிடிக்கவில்லை. பாகம் பிரிப்பதானாலும் பெண் கேட்பதானாலும் எங்களில் கூட்டத்து ஆள்தான் போய்ப் பேசுவார். முன்பின் தெரியாதவனை நமக்காகப் பேசவிடுவது வீட்டில் ஆளில்லை என்று ஊருக்குச் சொல்வதற்குச் சமம் என்றார். வக்கீல் எதிரிலேயே சொன்னார். வக்கீல் எங்களுக்குக் காபிகூடக் கொடுக்கவில்லை.

கடைசியில் சொர்ணலதா தானே போகிறேன் என்றாள். அவள் ஊதுபத்தி மொத்த வியாபாரி ஒருவரிடம் கணக்கெழுதுகிறாள். மாதாமாதம் வரிக் கணக்கை அனுப்புவதும் அவள்தான். அந்த அலுவலகத்தில் யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று பழக்கம் உண்டு. வக்கீலாகவோ ஆடிட்டராகவோ இல்லாவிட்டாலும் உறவினரோ கடையில் நிரந்தரமாக வேலை செய்கிறவரோ அதிகாரக் கடிதத்தோடு வந்து பேசலாம் என்று அவள் முதலாளி விசாரித்துச் சொன்னார்.

நான் ஒரு யோசனை சொன்னேன். கடையில் வேலை செய்கிறாள் என்று எழுதிவிடலாம், பகுதி நேரமாகக் கணக்கு பார்க்கிறாள் என்று வைத்துக்கொண்டால் கேள்வி வராது என்றேன். மச்சானுக்கு வந்த கோபத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"என்ற தங்கச்சிய வேலைக்காரினு எழுதச் சொல்லறீங்களா மாப்ள? தங்கச்சினுதான் எழுதுவேன். கோர்ட்டுக்கே இழுத்தாலும் அப்படித்தான்."

இதற்குமேல் நான் என்ன சொல்ல? தங்கை என்றே எழுதினார். பட்டா நிலத்தை எழுதிக்கொடுப்பவர் மாதிரி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கடிதத்தோடு இரண்டு பேரின் அடையாள அட்டை நகலும் இணைக்க வேண்டியிருந்தது. அவர் அட்டையில் தந்தை பெயர் கெம்பையன். இவள் அட்டையில் சென்னப்பன். எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லை. எங்களுக்குள் அண்ணன் தங்கைக்கு ஒரே அப்பா இருக்க வேண்டும் என்று யார் எதிர்பார்க்கிறார்கள்?

மார்கழிக் குளிரில் காலையிலேயே போய்ச் சேர்ந்தோம். சொர்ணலதா எனக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்திருந்தாள். அண்ணன் உள்ளே வரக் கூடாது, நீங்களும் வரக் கூடாது, இரண்டு பேரும் வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். என்னை ஏன் சேர்த்துச் சொல்கிறாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. மச்சானின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கதவு திறந்திருந்ததால் உள்ளே நடந்தது காதில் விழுந்தது. அதிகாரியின் பெயர் சுலோசனா என்று பலகையில் இருந்தது. ஐம்பது வயதிருக்கும், அதிராத குரல். முதலில் கன்னடத்தில் பேசினார். இவள் ஏதோ யோசனையில் ஒரு வார்த்தை தமிழில் சொல்லிவிட்டதும், தமிழிலேயே சொல்லம்மா, நான் சாமராஜநகர்க்காரி, எனக்குப் புரியும் என்றார். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அது நீடிக்கவில்லை. கடிதத்தையும் அட்டைகளையும் பார்த்தவர், கெம்பையன் மகன் அவர், சென்னப்பன் மகள் நீ, எப்படித் தங்கை என்று கேட்டார்.

சொர்ணலதா கூட்டத்தைப் பற்றிச் சொன்னாள். ஒரே குலதெய்வம், கல்யாணம் கட்டிக்க முடியாது, எங்களில் இது அண்ணன் தங்கைதான் என்றாள். சுலோசனா மேடம் அதைத் தள்ளிவிடவில்லை. எங்க ஊர்லயும் ஒரே குலத்தைச் சேர்ந்தவர்களை அண்ணதம்மா, அண்ணன் தம்பி என்றுதான் சொல்லுவோம் என்றார். பிறகு சொன்னார்:

"அத நான் இங்க ஒத்துக்கிட்டேன்னா பாதி தாலூகா இன்னொரு பாதிக்கு அண்ணன்னு வந்து நிக்கும். நான் என்ன மாடலி?"

அப்புறம் அவர் என்ன செய்வார், நியாயமான கேள்விதான். அவர் மேலும் சொன்னது இன்னும் மோசம். உறவு உறுதியாகாவிட்டால் உன் பேச்சை நான் எழுதிக்கொள்ள முடியாது, கடைக்காரரையே நேரில் கேட்க வேண்டும், கொப்பரையும் எண்ணெயும் விற்பதாக அவரே சொன்னது இந்தக் காகிதத்தில் இருக்கிறது என்றார். செக்கே கிடையாது மேடம் என்று சொர்ணலதா மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. மெதுவாக ஏன் சொல்கிறாள் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ப்யூன் வந்து லிங்கப்பன் யார் என்றார்.

மச்சான் எழுந்தார். என் கை அவர் சட்டையை விடவில்லை, அதனால் நானும் உள்ளே போய்விட்டேன்.

சொர்ணலதா அண்ணனைப் பார்த்துப் பயப்படவில்லை. என்னைப் பார்த்துத்தான் பயந்தாள். அதையும் நான் கவனித்தேன். மேடம் மச்சானை உட்காரச் சொல்லிவிட்டுச் சுற்றி வளைக்காமல் கேட்டார். காங்கேயத்தில் செக்கு இருக்கிறதா, இல்லையா?

மணி கேட்டால் அரை நாள் பேசுகிற மனுஷன் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். இருக்கிறது என்றால் வரி, அபராதம், கடையே போனாலும் போகும். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அதைச் சொல்ல இந்த ஆளுக்கு என்ன கேடு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"மாப்ள, நீங்க கொஞ்சம் வெளிய இருங்களேன்."

இருக்கட்டும், யாரும் போக வேண்டாம், முதலில் பதில் சொல்லுங்கள் என்றார் மேடம். மச்சான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"செக்கு இல்லீங்க. காங்கேயத்துல எனக்கு ஒரு பாய் விரிக்கக்கூட எடமில்லீங்க. வெறும் தேங்காதானுங்க விக்கறேன்."

பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அவர் கேட்டார். அதட்டவில்லை, தெரிந்துகொள்கிற குரலில்தான் கேட்டார்.

"கல்யாணத்தன்னைக்கு இந்தப் புள்ள தலையத் தொங்கப்போட்டு நின்னுச்சுங்க. பொறந்த ஊட்டுல ஆளில்லாத புள்ளைனு பேசுனாங்க. நான் அப்ப மண்டியில மூட்டை தூக்கிட்டு இருந்தனுங்க. மூட்டை தூக்கறவன் அண்ணன்னா அதுக்கு அந்த ஊட்டுல என்னங்க மருவாதி இருக்கும்? அதான் ஒரு செக்கு வெச்சனுங்க." துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "ஒருக்கா சொன்னத அப்பறம் எறக்க முடியலீங்க. உங்காளு கடைக்கு வந்தன்னைக்கு இந்தப் புள்ளையோட சின்ன மாமனார் அங்கயே நின்னுட்டு இருந்தாருங்க. அவரு முன்னால எப்படிங்க இல்லைனு சொல்லறது?"

இத்தனை வருஷம் நான் சிரித்துக்கொண்டும் எரிச்சலோடும் கேட்ட அத்தனை கதைகளும், அந்த இரண்டாவது செக்கு, கேரளா லாரி எல்லாம், என் வீட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டுமே சொல்லப்பட்டவை. செக்கைப் பற்றித் தனக்காக அவர் ஒரு நாளும் பெருமை பேசியதில்லை. என் மனைவிக்கு ஒரு பிறந்த வீட்டைத் தன் வாயாலேயே கட்டியிருக்கிறார். அதை இப்போது என் கண்ணெதிரே தானே இடித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்.

சொர்ணலதாவுக்கு எல்லாம் தெரியும் என்பது அவள் அழுத விதத்திலேயே தெரிந்தது. ஆச்சரியம் இல்லாத அழுகை அது. மேடம் தன் தண்ணீர் பாட்டிலை அவளிடம் தள்ளிவைத்தார். பிறகு நீங்கள் யார் என்று என்னைக் கேட்டார்.

"இவங்க ஊட்டுக்காரனுங்க. அவரு என்ற மச்சானுங்க."

அவர் ஒரு புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தை நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இவர் அண்ணன் இல்லனு எழுதறதுக்கு எனக்கு ஒரு காரணமும் சிக்கல அம்மா."

உறவினர் என்று குறித்துக்கொண்டார். பச்சைத் தேங்காய் மட்டுமே விற்பதாகச் சொன்னதைச் சொர்ணலதாவின் வாய்மொழியாகவே எழுதிக்கொண்டார். தோட்டக்காரர்களிடம் வாங்கிய ரசீதுகளையும் வங்கிக் கணக்கையும் அடுத்த தேதியில் கொண்டுவந்து காட்டினால் சரிபார்த்துவிடலாம், தங்கை மட்டும் வந்தால் போதும் என்றார். மச்சானிடம் கடைசியாக ஒன்று சொன்னார், அரசாங்கத்திலிருந்து யார் கேட்டாலும் இருப்பதை மட்டும் சொல்லுங்கள் என்று. மச்சான் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

வெளியே வந்ததும் சொர்ணலதா பிடித்துக்கொண்டாள். அதை ஏன் இவர் முன்னால் சொன்னீர்கள், நான் எப்படியாவது சமாளித்திருப்பேனே என்று அண்ணனைத் திட்டினாள். உங்களை வெளியிலேயே இருக்கச் சொன்னேனே என்று என்னைத் திட்டினாள். திட்டிக்கொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். மூன்று பேரும் அந்த வாசலில் நின்று சிரித்த சிரிப்பில் ஸ்கூட்டரை எடுக்க வந்த ஒருவர், கேஸ் ஜெயித்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனார். பக்கத்து ஓட்டலில் மசால் தோசை சாப்பிட்டோம். பில்லைக் கொடுப்பதில் எனக்கும் மச்சானுக்கும் கைகலப்பே வந்தது. அவரே ஜெயித்தார். ஆட்டோ ஏறும்போதுதான் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"அத்தைக்கு மட்டும் தெரிய வேண்டாம் மாப்ள."

நான் சத்தியம் ஒன்றும் செய்து கொடுக்கவில்லை. அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எனக்கு மனசு நிறைந்திருந்தது, யாரிடமாவது சொல்லாவிட்டால் தூக்கம் வராது. அம்மா கூடத்தில் ஊறவைத்த அவரை விதையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. முடித்ததும் தோலை ஒரு பக்கம் ஒதுக்கினார்.

"அது உங்க கல்யாணம் முடிஞ்ச அடுத்த மாசமே எனக்குத் தெரியுமே."

காங்கேயத்துக்கு மாடு வாங்கப் போன ஒருவரிடம் சொல்லி விசாரித்திருக்கிறார். அப்படி ஒரு செக்கும் இல்லை, அப்படி ஒரு முதலாளியும் இல்லை என்று அவர் வந்து சொல்லியிருக்கிறார். அப்புறம் ஏன் ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்லறது? கூடப் பொறந்தவனுகளே எனக்கென்னனு போறானுக. இவன் பாரு, இல்லாத செக்க இத்தன வருசமா நிக்காம ஓட்டிட்டு இருக்கறான். அதுக்கு மேல அந்தப் புள்ளைக்கு என்ன பொறந்த ஊடு வேணும்?"

சொல்லிவிட்டு அடுத்த பிடி விதையை எடுத்துக்கொண்டார். நான் எழுந்து போய் முகம் கழுவினேன்.

ரசீதுகளைக் காட்டி, விஷயம் முடிந்துவிட்டது என்று தகவல் வந்த வாரம் எங்கள் வீட்டில் எல்லோரையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தோம். சித்தப்பாவும் வந்திருந்தார். மச்சான் மாதேவியோடு வந்து, தேங்காய்ப் பையை உள்ளே வைத்துவிட்டு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். சாப்பாடு நன்றாயிருக்கிறதா என்று கேட்டால் நன்றாயிருக்கிறது என்று மட்டும் சொன்னார். வீட்டில் கரண்ட் போனது மாதிரி இருந்தது. பிள்ளைகள்கூட மாமாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

அம்மா தாம்பூலத் தட்டோடு வந்து அவர் எதிரே உட்கார்ந்தார். சித்தப்பாவுக்கு நன்றாகக் கேட்கும்படி, "ஏந்தம்பி, காங்கேயத்துல செக்கெல்லாம் எப்படி ஓடுது?" என்றார்.

மச்சானின் கையில் வெற்றிலை அப்படியே நின்றது. அவர் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கல்யாணத்தன்று என் கையைப் பிடித்த ஆளா இவர், இவ்வளவு பயந்துபோயிருக்கிறாரே என்று எனக்குத் தாங்கவில்லை.

"நல்லா ஓடுதும்மா," என்றேன் நான். "மூணாவதா ஒண்ணு போடப் போறாராம்."

சமையலறை வாசலில் சொர்ணலதா வந்து நின்றாள். சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, அப்படியா என்றார். மச்சான் ஒரு நிமிஷம் தலையைக் குனிந்துகொண்டு துண்டால் கண்ணைத் துடைத்தார். பிறகு நாற்காலியைச் சித்தப்பாவின் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, புதுச் செக்குக்கு எந்த ரோட்டு மேல் இடம் பார்த்திருக்கிறார் என்பதிலிருந்து ஆரம்பித்தார்.